தட்டியவர் நிற்க வேண்டும்

என் சகலையைப் பற்றி எழுதச் சொன்னது அவருடைய மனைவி. என் மனைவிக்குக் கூடப்பிறந்த அக்கா, எனக்கு அண்ணி. "நல்லதை மட்டும் எழுதிட்டுப் போயிடாதீங்க தம்பி. அவர் காதைப் பத்தியும் எழுதுங்க. சுரங்கமும் முடிஞ்சு கம்பெனியும் போயாச்சு, இனிமே மறைச்சு என்ன ஆகப்போகுது?" என்றார். அதனால் அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மலையைக் குடைந்து பாதை போடும் இடத்தில் காதை வைத்துப் பிழைத்த மனிதர் என் சகலை. கடைசிச் சில வருடங்களாக அந்தக் காது கேட்கவில்லை. அது அவருக்கும் அண்ணிக்கும் மட்டும்தான் தெரியும். வெளியே தெரிந்தால் அன்றைக்கே வேலை போய்விடும் என்று இரண்டு பேரும் மூச்சு விடவில்லை. அவர் பார்த்துச் சொன்ன கூரைக்குக் கீழே தினமும் வண்டி ஓட்டிக்கொண்டிருந்த எனக்கே தெரியாது.

கெட்டிப் பாறையில் சுரங்கம் போடுவது எப்படி என்று தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். குடைந்துகொண்டு போகும் பாறையின் முகத்தில் துளைகள் போடுவார்கள். மருந்து வைத்து வெடிப்பார்கள். புகை அடங்கியதும் உடைந்த கல்லை அள்ள நான் லோடரோடு உள்ளே போக வேண்டும். ஆனால் வெடித்த அதிர்ச்சியில் கூரைக் கற்கள் சில கழன்று, விழலாமா வேண்டாமா என்று தொங்கிக்கொண்டிருக்கும். பார்த்தால் தெரியாது. அதற்காக எனக்கு முன்னால் ஒரு ஆள் போவார். கையில் ஆளைவிட நீளமான இரும்புக் கம்பி. அதைக்கொண்டு கூரையை அங்குலம் அங்குலமாகத் தட்டுவார். பாறை நன்றாக இருந்தால் கணீரென்று சத்தம் வரும். கழன்றிருந்தால் பொத்தென்று செத்த சத்தம் வரும். செத்த கல்லை நெம்பிக் கீழே தள்ளிவிட்டு, திரும்பிப் பார்த்து, "வரலாம்" என்று கை காட்டுவார். அந்த ஆள்தான் என் சகலை.

ஒல்லியாக, நெடுநெடுவென்று இருப்பார். தோளில் எப்போதும் கம்பி. அதனால் வேலையிடத்தில் அவருக்குக் 'கடப்பாறை' என்று பெயர். மேலாளர்கூட அப்படித்தான் கூப்பிடுவார். கோபமே வராது. "கடப்பாறைன்னா என்ன, வளையாதவன்னு தானே அர்த்தம்?" என்று அவரே தனக்குப் பட்டம் சூட்டிக்கொள்வார்.

என்னோடுதான் அவருக்கு ஒரு நிரந்தர வழக்கு இருந்தது. என்னைவிட அவர் மூத்தவர். நியாயப்படி நான் அவரை அண்ணன் என்று கூப்பிட வேண்டும். நான் கல்யாணத்தன்றே "சகலை" என்று ஆரம்பித்தவன், கடைசிவரை மாற்றவில்லை.

"வயசுக்காவது ஒரு மரியாதை குடுக்கக் கூடாதா? ஒரு தடவை அண்ணேன்னு கூப்பிட்டா வாய் வெந்துடுமா?" என்பார்.

"ரெண்டு பேரும் ஒரே வீட்டுல மாட்டிக்கிட்டவங்க. இதுல பெரியவன் என்ன, சின்னவன் என்ன சகலை?" என்பேன். அண்ணியும் என் மனைவியும் எங்களை முறைப்பார்கள். அவர் விழுந்து விழுந்து சிரிப்பார்.

அந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. எந்தப் புத்தகத்திலும் கிடையாது. கூரையைத் தட்டிச் சரி என்று சொன்னவர், லோடர் முதல் முறை கல்லை அள்ளி முடிக்கும்வரை அதே கூரைக்குக் கீழே நிற்க வேண்டும். 'நான் சொன்னது உண்மை, என் தலையே சாட்சி' என்று அதற்கு அர்த்தம். பாதுகாப்பு அதிகாரி பார்த்தால் கத்துவார். அவர் பார்வைக்குத் தள்ளி நிற்பார்கள்; அவர் தலை மறைந்ததும் மறுபடி போய் நிற்பார்கள். முட்டாள்தனம்தான். ஆனால் அந்த ஆள் அங்கே நிற்பதைப் பார்த்தால்தான் வண்டி ஓட்டுகிறவனுக்குக் கால் முன்னே போகும். எனக்கும் போனது.

காது எப்படிப் போனது என்று யாரும் கேட்க வேண்டியதில்லை. துளை போடும் இயந்திரம் பக்கத்தில் ஓடினால் பல்லே ஆடும். எல்லாருக்கும் காதில் வைத்துக்கொள்ளப் பஞ்சு மாதிரி ஒன்றைக் கொடுத்திருந்தார்கள். நாங்கள் வைத்துக்கொண்டோம். அவர் எப்படி வைத்துக்கொள்வார்? காதை அடைத்துக்கொண்டால் பாறை சொல்வது எப்படிக் கேட்கும்? காதால் வேலை செய்கிற ஒருவருக்கு மட்டும் காதைக் காப்பாற்றிக்கொள்ள வழியில்லை.

வீட்டில் நடந்ததை அண்ணி பிறகு சொன்னார். முதலில் குக்கர் சத்தம் கேட்கவில்லை. அப்புறம் வாசல் மணி. பிறகு மகளின் குரல். அண்ணி அவரைக் கூப்பிடாமல் தோளைத் தொடப் பழகினார். யாராவது வீட்டுக்கு வந்து அவரிடம் ஏதாவது கேட்டால், அண்ணி அவர் முகத்தைப் பார்த்து, யோசிப்பது போல அந்தக் கேள்வியையே திருப்பிச் சொல்வார். அண்ணியின் உதட்டைப் பார்த்து அவர் பதில் சொல்வார். அது முடியாத இடங்களில் அவரே ஓயாமல் பேசுவார். எதிராளி பேசினால்தானே கேட்க வேண்டும்! "என்ன சகலை, வர வர ரேடியோ மாதிரி ஆயிட்டீங்க, நிறுத்தவே மாட்டேங்கறீங்க" என்று நானே கிண்டல் செய்திருக்கிறேன். மற்றவர்கள் சிரிப்பதைப் பார்த்து, ஒரு கணம் கழித்து அவரும் சிரித்தார்.

வருடத்துக்கு ஒரு முறை உடம்புப் பரிசோதனை நடக்கும். காதில் மாட்டியதில் சத்தம் கேட்டால் விரலைத் தூக்க வேண்டும். செவிலியர் மேசைக்கு அந்தப் பக்கம், பெட்டியை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஆனால் அவருக்குப் பின்னால் ஒரு எஃகு பீரோ இருந்தது. அதன் கதவில் அவர் கட்டைவிரல் பொத்தானை அழுத்துவது மங்கலாகத் தெரியும். விரல் அசைந்தால் சகலையும் விரலைத் தூக்குவார். நடு நடுவே நம்பும்படியாக ஒன்றிரண்டை விட்டும்விடுவார். காது பிரமாதமாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தார்கள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாராம். சிரித்து முடித்ததும் அழுதாராம்.

அப்படியானால் எங்கள் எல்லாரையும் ஏமாற்றினாரா என்று நீங்கள் கேட்கலாம். நானும் அவர்மேல் அந்தக் கோபத்தோடு சில நாள் திரிந்தேன். ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். காது போகப் போக, கை கற்றுக்கொண்டது. நல்ல பாறை கம்பியைத் திருப்பி உதைக்கும். உள்ளங்கையில் சுரீரென்று ஏறும். கழன்ற பாறை அடியை வாங்கிக்கொண்டு சும்மா இருக்கும். அதை வைத்துத்தான் தட்டினார். ஒரு நாளும் தப்பாகச் சொன்னதில்லை. ஆனாலும் அவருக்குத் தன்மேல் முழு நம்பிக்கை வரவில்லை. முன்பெல்லாம் முதல் முறை அள்ளும்வரை நின்றவர், பிறகு கடைசிக் கல் வெளியே போகும்வரை நிற்கத் தொடங்கினார். அதுவும் எனக்கு முன்னால், பாறை முகத்தை ஒட்டி.

"அது என்ன உங்க வீட்டு ஹாலா? நாற்காலி போட்டு உக்காருங்களேன்" என்று ஒரு முறை கத்தினேன். கையை ஆட்டிவிட்டு அங்கேயே நின்றார். பெருமைக்காக நிற்கிறார் என்று நினைத்தேன். உண்மையில் ஏன் நின்றார் என்று அண்ணியிடம் சொல்லியிருக்கிறார். "எனக்குத்தான் கேக்கலை. நான் தப்பாச் சொல்லியிருந்தா, விழுறது முதல்ல என் தலையில விழட்டும். சகலை மேல விழக் கூடாது."

வேலையை விட்டிருக்கலாமே என்பது சுலபம். அவரோடு இதே தொழில் செய்த இன்னொருவருக்குக் காது மந்தம் என்று தெரிந்ததும், பை கட்டக்கூட நேரம் தராமல் அனுப்பினார்கள். இந்தப் பக்கத்துச் சுரங்கமும் அந்தப் பக்கத்துச் சுரங்கமும் நடுவில் சந்திக்கும் நாள்வரை ஓட்டிவிட்டால், பிறகு வெளியே பம்பு அறையில் வேலை தருவதாக மேலாளர் வாக்குக் கொடுத்திருந்தார். அந்த நாளைத்தான் இரண்டு பேரும் எதிர்பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மலையின் நடுப்பகுதிக்கு வந்தபோது பாறை இன்னும் கெட்டியானது. துளை போடும் முனைகள் சீக்கிரமே மழுங்கின. வேலை நத்தையாக நகர்ந்தது, செலவு மட்டும் ஓடியது. எதையாவது குறைக்க வேண்டும் என்றார்கள். கூரையில் துளை போட்டு நீளமான இரும்பு போல்ட்டுகளை இறக்கி, பாறையைப் பாறையோடு தைப்பது வழக்கம். அதைக் குறைத்தார்கள். பாறை முகத்துக்கு வெகுதூரம் பின்னால்தான் போல்ட்டு வந்தது.

எங்கள் பகுதிப் பொறியாளர் ஒரு பெண். அவர் மட்டும்தான் எதிர்த்துப் பேசினார். எல்லாரும் கூடியிருந்த கூட்டத்திலேயே சொன்னார். "மேல ஒரு மலையே உக்காந்திருக்கு சார். நடுவுல ஓட்டை போட்டா அந்தப் பாரமெல்லாம் ஓட்டையோட ஓரத்துக்குத்தான் வரும். மென்மையான பாறைன்னா வளைஞ்சு குடுக்கும். இது வளையாது, தெறிக்கும். தட்டிப் பாக்கும்போது நல்லாத்தான் இருக்கும். கொஞ்ச நேரம் கழிச்சு வெடிக்கும்." பிறகு எங்கள் பக்கம் திரும்பி, "கூரையில பொரியிற மாதிரி சத்தம் கேட்டா, எதையும் எடுக்காதீங்க, வந்துடுங்க" என்றார்.

மேலாளர் சொன்னார்: "பாறையே இரும்பு மாதிரி இருக்கு. இதுக்கு எதுக்கும்மா இரும்பு?"

எல்லாரும் சிரித்தோம். சகலை ஒரு கணம் தாமதமாகச் சிரித்தார்.

அது நடந்தது ஒரு மதிய ஷிப்ட்டில். வெடித்து, புகை போய், சகலை தட்டி முடித்து, வரலாம் என்று கை காட்டினார். நான் ஒரு டிப்பரை நிரப்பி அனுப்பினேன். அடுத்த டிப்பர் வரும்வரை எஞ்சினை நிறுத்திவிட்டு உட்கார்ந்தேன். உள்ளே நாங்கள் இரண்டு பேர்தான். தூரத்தில் காற்று அனுப்பும் விசிறியின் இரைச்சல் மட்டும். சகலை எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பாறை முகத்துக்குப் பக்கத்தில், கம்பியைச் சாய்த்து வைத்துவிட்டு நின்றார். பிளாஸ்கைத் திறந்து மூடியில் டீ ஊற்றினார்.

அப்போது கூரையில் கேட்டது. எண்ணெயில் ஏதோ பொரிகிற மாதிரி, மெதுவாக. என் வண்டி விளக்கின் வெளிச்சத்தில் பொடி உதிர்ந்தது.

"சகலை!" என்று கத்தினேன். அவர் டீயை ஊதிக்கொண்டிருந்தார். ஹாரனை அழுத்தினேன்; சத்தம் வரவில்லை. அது பழுதாகி ரொம்ப நாளாகிறது, மாற்றித் தருகிறோம் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். மறுபடி கத்தினேன். குரல்வளை கிழிகிற மாதிரிக் கத்தினேன். இந்த மனிதர் விளையாடுகிறாரா என்று கோபம்கூட வந்தது. கீழே குதித்து அவரை நோக்கி ஓடினேன். விளக்கு என் முதுகுக்குப் பின்னால் இருந்ததால், என் நிழல் அவருக்கு எதிரே பாறையில் பெரிதாக எழுந்தது. அதைப் பார்த்துத்தான் திரும்பினார். என்னைக் கண்டதும் சிரித்தார். என்ன என்று கையால் கேட்டார்.

பிறகு அங்கே அவர் இல்லை. கல்தான் இருந்தது. தெறித்து வந்த ஒரு துண்டு என்னைப் பின்னால் தூக்கிப் போட்டது.

அவரை வெளியே எடுத்த கதையை நான் எழுதப்போவதில்லை.

எல்லாம் முடிந்த பிறகு ஒரு நாள் அண்ணி என்னைத் தனியாக உட்காரவைத்தார். "கூப்பிட்டீங்களா தம்பி?" என்று கேட்டார்.

"கத்தினேன் அண்ணி. எவ்வளவோ கத்தினேன். ஏன் திரும்பலைன்னு எனக்கு இன்னும் புரியலை."

"அவருக்குக் கேட்டிருக்காது" என்றார். பிறகுதான் குக்கரிலிருந்து பீரோக் கதவுவரை எல்லாவற்றையும் சொன்னார். சொல்லி முடித்து, "நான்தான் மறைக்க உதவினேன். நான்தான் அவரை உள்ள அனுப்பினேன்" என்று தலையில் அடித்துக்கொண்டார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

விசாரணைக்கு வெளியிலிருந்து ஒரு அதிகாரி வந்தார். என்னைக் கூப்பிடுவதற்கு முன் நடைபாதையில் கம்பெனி ஆள் ஒருவர் தோளில் கைபோட்டார். "உங்க சகலைக்குக் காது மந்தம்னு, கூப்பிட்டா திரும்பறதில்லைன்னு ஒரு பேச்சு அடிபடுதே? நீங்க கத்தாம இருந்திருக்க மாட்டீங்க. கத்தியும் அவர் நகரலைன்னா, அப்புறம் கம்பெனி என்னங்க பண்ணும்? உடம்புல குறையை மறைச்சு வேலை பாத்தா அது அவர் தப்புதானே? நடந்ததை நடந்தபடி சொல்லுங்க, போதும்." குரலில் அவ்வளவு கரிசனம்.

அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. நான் கத்தினேன் என்று சொன்னால், அடுத்த கேள்வி அவர் ஏன் நகரவில்லை என்பது. அதற்கு ஒரே பதில் காது. காது என்று வந்துவிட்டால் போல்ட்டைப் பற்றி எவரும் பேசப்போவதில்லை. அதே வெறும் கூரைக்குக் கீழே நாளைக்கு இன்னொருவர் தட்டப் போவார். வாழ்நாள் முழுக்க ஒரு கல்லையும் தப்பாகச் சொல்லாத மனிதர், செவிடாயிருந்து எல்லாரையும் ஏமாற்றியவர் என்ற பெயரோடு போவார்.

அதிகாரி கேட்டார்: "ஆபத்துன்னு தெரிஞ்சதும் அவருக்குக் குரல் குடுத்தீங்களா?"

"இல்லைங்க" என்றேன். "பயத்துல நாக்கு எழும்பலை. நான் ஓடிட்டேன்."

"அவரை விட்டுட்டா?"

"ஆமாங்க."

பின்வரிசையில் என் மனைவியும் அண்ணியும் உட்கார்ந்திருந்தார்கள். அண்ணி நிமிர்ந்து என்னைப் பார்த்தார். வாயைத் திறக்கப் போனார். வேண்டாம் என்று நான் லேசாகத் தலையசைத்தேன். முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். எனக்கு அடுத்து அந்தப் பொறியாளர் எழுந்து, தான் போல்ட்டு கேட்டதையும் மறுக்கப்பட்டதையும் ஒன்றுவிடாமல் சொன்னார்.

கொஞ்ச நாளில் இரும்பு வந்தது. லாரி லாரியாக வந்தது. பாறை முகம்வரை கூரையைத் தைத்தார்கள். கூரைக்குக் கீழே இனி எவரும் நிற்கக் கூடாது என்று உத்தரவும் போட்டார்கள். ஒரு ஆளை விழுங்கிவிட்டுத்தான் அந்த இரும்பு வந்தது என்பதை மட்டும் எவரும் எங்கேயும் எழுதி வைக்கவில்லை.

எனக்கும் ஒரு பெயர் கிடைத்தது. 'சகலையை விட்டுட்டு ஓடினவன்.' நேரில் யாரும் சொல்ல மாட்டார்கள். நான் போய் உட்கார்ந்தால் டீக்கடை பெஞ்சு மெதுவாகக் காலியாகும். அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். வீட்டில் என் மனைவி என்னோடு பேசுவதை நிறுத்தினாள். சாப்பாடு வைப்பாள், தண்ணீர் வைப்பாள், போய்விடுவாள். அவளுக்கு அவர் வெறும் அக்கா புருஷன் இல்லை. சின்ன வயதிலேயே அப்பாவை இழந்தவளைப் படிக்கவைத்துக் கல்யாணம் செய்து கொடுத்தவர். அண்ணி உண்மையைச் சொல்லிவிடுவதாக எத்தனையோ தடவை சொன்னார். நான்தான் தடுத்தேன். ரகசியம் ஒரு வாய்க்குமேல் போனால் ஊருக்குப் போய்விடும். விசாரணைக் கோப்பை மறுபடி திறக்கக் கம்பெனி காத்துக்கொண்டிருந்தது.

என் காயத்துக்கு ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுவந்தேன். ஆறி வந்ததும், இனி வீட்டிலேயே மருந்து போட்டுக்கொள்ளலாம் என்றார்கள். காயத்தால் ஒரு கையைத் தூக்க முடியாது; மற்றக் கையால் மட்டும் எனக்கு வரவில்லை. பஞ்சு கீழே விழ விழ நான் எடுப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்த என் மனைவி, வந்து பிடுங்கிக்கொண்டாள். சட்டைப் பொத்தான்களைக் கழற்றினாள். பழைய கட்டை அவிழ்த்தாள்.

காயம் கழுத்தெலும்புக்குக் கீழே, நெஞ்சில் இருந்தது. துடைத்தாள். கை நின்றது. என்னைத் திருப்பி என் முதுகைப் பார்த்தாள். அங்கே ஒரு கீறல் இல்லை. மறுபடி முன்பக்கம் திருப்பினாள்.

"விழுந்த கல்லுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு ஓடியிருந்தா, இங்க எப்படிங்க அடிபடும்?" என்றாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு அவள் குரல்.

நான் சட்டையை இழுத்து மூடப் பார்த்தேன்.

"எந்தப் பக்கம் ஓடினீங்க?"

"விடு" என்றேன்.

"எந்தப் பக்கம் ஓடினீங்கன்னு கேட்டேன்."

"உன் மாமா நின்ன பக்கம்."

பஞ்சைக் கையில் பிடித்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டாள். "கூப்பிடலையா அவரை?" என்று கேட்டாள்.

அதற்குமேல் என்னால் முடியவில்லை. இத்தனை நாள் அழாதவன் அவள் முன்னால் குழந்தை மாதிரி அழுதேன்.

"கூப்பிட்டேன். சகலை, சகலைன்னு கத்தினேன். கேக்கலை. அப்புறம் அண்ணேன்னு கத்தினேன்" என்றேன். "அதுவும் அவருக்குக் கேக்கலை."